முதல் கல்வி ஆய்வு: முதலில் கேள்வி, அப்புறம் முறை

எம்.எட். படிக்கிறவர்களும், பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே செயலாய்வு (தன் வகுப்பின் சிக்கலுக்குத் தானே தீர்வு தேடும் ஆய்வு) எழுத வேண்டிய ஆசிரியர்களும் முதலில் தேடுவது தலைப்பைத்தான். நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டுவார்கள், "மேல்நிலை மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு" என்கிற மாதிரி ஒன்று கண்ணில் படும், அதில் மாவட்டத்தின் பெயரை மாற்றி, ஒரு மாறியை (அளக்கிற பண்பை) மாற்றி, யாரோ செய்து வைத்த வினாநிரலை வாங்கி முந்நூறு பேரிடம் நிரப்பி வாங்கினால் ஆய்வு முடிந்தது. பட்டமும் கிடைத்துவிடும். ஆனால் அந்த முந்நூறு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு பாடவேளையை நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக எந்த வகுப்பறைக்கும் ஒன்றும் திரும்பிப் போவதில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம்.

அதனால் இந்தக் கட்டுரையில் வகைகளின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம்: ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் தமிழைச் சரளமாக வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள். தொடக்கப் பள்ளிப் பக்கம் போன எவருக்கும் தெரிந்த பிரச்சினைதான். இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆய்வு வகையும் எந்த இடத்தில் தேவைப்படுகிறது, எங்கே கைவிட்டுவிடும் என்று பார்க்கலாம்.

படி 1: பிரச்சினையைக் கேள்வியாக்குங்கள்

"வாசிப்புத் திறன் குறைவு" என்பது பிரச்சினை. அது இன்னும் கேள்வி ஆகவில்லை. அதிலிருந்து எத்தனையோ கேள்விகள் கிளம்பலாம். நம் ஒன்றியத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேரால் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடிகிறது? வீட்டில் செய்தித்தாளோ கதைப் புத்தகமோ இருப்பதற்கும் வாசிப்புக்கும் தொடர்பு உண்டா? தினமும் அரை மணி நேரம் நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் முன்னேற்றம் வருமா? தடுமாறுகிற ஒரு பிள்ளை வகுப்பில் நாள் முழுக்க என்னதான் செய்கிறது, எப்படிச் சமாளிக்கிறது? முற்காலத்தில் திண்ணைப் பள்ளியில் வாசிப்பை எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்?

இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஐந்து வேறு முறைகள் தேவை. முதலாவது அளவாய்வு (சர்வே), இரண்டாவது தொடர்பாய்வு, மூன்றாவது சோதனை முறை, நான்காவது பண்புசார் ஆய்வு, ஐந்தாவது வரலாற்று ஆய்வு. முறையைத் தேர்ந்தெடுப்பது கேள்வி. நீங்களோ உங்கள் கைடோ அல்ல. "நான் சோதனை முறையில்தான் செய்யப் போகிறேன், கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் கடைசி வரை சிக்கல்தான்.

கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எந்தப் பதில் வந்தால் ஆம் என்பீர்கள், எந்தப் பதில் வந்தால் இல்லை என்பீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். நான்காவது மாதிரிக் கேள்வி என்றால் எதைப் பார்த்தால், எதைக் கேட்டால் பதில் கிடைத்தது என்று ஒப்புக்கொள்வீர்கள் என எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை.

படி 2: உங்கள் ஆய்வு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பாடப்புத்தகத்தில் அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு, செயலாய்வு, விவரண ஆய்வு, சோதனை ஆய்வு, அளவுசார், பண்புசார் என்று பெயர்கள் வரிசையாக வந்து குழப்பும். இவை எல்லாம் ஒரே அடிப்படையில் பிரித்தவை இல்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அடிப்படை, பயன்பாடு, செயல் என்பது நோக்கத்தை வைத்துப் பிரிப்பது. வரலாறு, விவரணம் (இருப்பதை விவரிப்பது; அளவாய்வும் தொடர்பாய்வும் இதில் அடங்கும்), சோதனை என்பது முறையை வைத்துப் பிரிப்பது. அளவுசார், பண்புசார், கலப்பு என்பது தரவை வைத்துப் பிரிப்பது. ஒரே ஆய்வுக்கு மூன்று பெயரும் ஒன்றாகப் பொருந்தும்: நோக்கத்தில் பயன்பாட்டு ஆய்வு, முறையில் சோதனை, தரவில் அளவுசார். வைவாவில் "உங்கள் ஆய்வு எந்த வகை?" என்று கேட்டால் மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

எத்தனை, எவ்வளவு: அளவாய்வு

இப்போது இருக்கிற நிலையை அப்படியே படம் பிடிப்பது. எளிது போலத் தோன்றும். யாரை எடுத்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்ற இரண்டு இடத்தில்தான் இது நிற்கும், அல்லது விழும்.

'பிரதம்' அமைப்பு 2005 முதல் நடத்தி வரும் 'அசர்' கணக்கெடுப்பைப் பாருங்கள். கிராமப்புற மாவட்டம் ஒவ்வொன்றிலும் 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்று எடுத்து, வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வாசிக்கச் சொல்கிறார்கள். ஏன் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறார்கள்? பள்ளிக்குப் போனால் அன்றைக்கு வராத பிள்ளையும், பள்ளியிலேயே சேராத பிள்ளையும் கணக்கில் விடுபட்டுவிடுவார்கள், அவர்களில்தான் வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருக்க வாய்ப்பு. இன்னொரு பக்கம், 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவுத் தேர்வு 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்குப் பள்ளியில் வைத்தே நடத்தப்பட்டது. வகுப்பில் உட்கார்ந்து விடையைக் குறிக்கும் தேர்வு அது. இவை இரண்டும் வேறு வேறு பிள்ளைகளை, வேறு வேறு விதத்தில் அளக்கின்றன. இரண்டின் சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது பொய்?" என்று சண்டை போடுவதில் பொருளே இல்லை. உங்கள் ஆய்வேட்டின் முதல் இயலில் இப்படிப்பட்ட எண்களைச் சேர்க்கும்போது, யாரை எப்படி அளந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எதோடு எது சேர்ந்து போகிறது: தொடர்பாய்வு

தமிழ்நாட்டில் எம்.எட். மட்டத்தில் நிறையப் பேர் செய்வது இதைத்தான். இரண்டு மாறிகளை அளந்து, ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்ணை) கண்டுபிடிப்பது. இதில் தப்பில்லை, முடிவுரை எழுதும்போதுதான் தப்பு நுழைகிறது.

டியூஷன் போகிற பிள்ளைகள் போகாதவர்களைவிட மோசமாக வாசிக்கிறார்கள் என்று உங்கள் தரவு காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டியூஷன் வாசிப்பைக் கெடுக்கிறது என்று எழுதிவிட முடியுமா? வாசிக்கத் திணறுகிற பிள்ளையைத்தான் பெற்றோர் டியூஷனுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளை நன்றாக வாசிக்கிறது என்றால், புத்தகம் காரணமா, புத்தகம் வாங்குகிற அளவுக்குப் படித்த அம்மா காரணமா? சேர்ந்து போவது ஒன்று, ஒன்று இன்னொன்றை உண்டாக்குவது வேறு. "தாக்கம்", "விளைவு", "பங்கு" என்ற சொற்களைத் தொடர்பாய்வின் தலைப்பிலோ முடிவிலோ போடாதீர்கள். "தொடர்பு" என்பதோடு நிறுத்துங்கள்.

நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பார்க்கும் காரண-ஒப்பீட்டு ஆய்வுக்கும் இதே எச்சரிக்கைதான். மழலையர் பள்ளிக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிடுவீர்கள், ஆனால் யார் போக வேண்டும் என்று பிரித்தது நீங்கள் இல்லை.

செய்தால் மாறுமா: சோதனை முறை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகச் செய்யப்படுவது இதுதான்.

வழக்கமாக நடப்பது இப்படி: வாசிப்பில் கடைசியில் இருக்கும் 20 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து முன்தேர்வு வைப்பார்கள், இரண்டு மாதம் புதிய முறையில் சொல்லிக் கொடுப்பார்கள், பின்தேர்வு வைப்பார்கள், மதிப்பெண் ஏறியிருக்கும், புதிய முறை வெற்றி என்று எழுதுவார்கள். இதில் மூன்று ஓட்டைகள். முதலாவது, இரண்டு மாதத்தில் பிள்ளை எப்படியும் கொஞ்சம் வளர்ந்திருக்கும், வகுப்பாசிரியரும் சும்மா இருந்திருக்க மாட்டார். இரண்டாவது, அதே தேர்வை இரண்டாம் முறை எழுதும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: கடைசி 20 பேரில் சிலர் முன்தேர்வு அன்றைக்குக் காய்ச்சலில் இருந்திருப்பார்கள், சிலர் பயந்திருப்பார்கள், சிலருக்கு அன்று நாள் சரியில்லை. அவர்களுக்கு நாம் எதுவுமே சொல்லிக் கொடுக்காமல் விட்டாலும் அடுத்த தேர்வில் சராசரியை நோக்கி ஏறத்தான் செய்வார்கள். கடைநிலைப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யும் எந்த ஆய்விலும் இது இருக்கும். கேம்பெல், ஸ்டான்லி என்ற இருவர் 1963 இல் இந்த ஓட்டைகளையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டினார்கள், இன்றைக்கும் சோதனை ஆய்வைச் சரிபார்க்க அந்தப் பட்டியல்தான் கையில் இருக்க வேண்டும்.

இந்த ஓட்டைகளை அடைப்பதற்குத்தான் கட்டுப்பாட்டுக் குழு. அதையும் குலுக்கல் முறையில் பிரித்தால்தான் உண்மையான சோதனை. நாற்பது பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி இருபது இருபதாகப் பிரித்தால், நமக்குத் தெரிந்த வேறுபாடுகளும் தெரியாத வேறுபாடுகளும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். குலுக்க முடியாமல் 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று இருக்கிற வகுப்புகளையே எடுத்தால் அது பகுதிச் சோதனை முறை. செய்யலாம், ஆனால் 'அ' பிரிவுக்கு வேறு ஆசிரியர், 'ஆ' பிரிவுக்கு வேறு ஆசிரியர் என்றால் நீங்கள் அளப்பது முறையையா ஆசிரியரையா என்று யாராலும் சொல்ல முடியாது. அறுபது பிள்ளைகள் இருந்தாலும் வகுப்புகள் இரண்டே இரண்டுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"அப்படியென்றால் கட்டுப்பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்கு நல்ல முறையை மறுப்பது நியாயமா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு மும்பையிலும் வதோதராவிலும் நடந்த 'பால்சகி' ஆய்வில் அழகான ஒரு வழி இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளை 15-20 பேர் கொண்ட குழுவாக வகுப்பிலிருந்து தனியே அழைத்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைகளைச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிகளைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும், மறு பாதியில் நான்காம் வகுப்புக்கும் பால்சகியைக் கொடுத்தார்கள். எல்லாப் பள்ளிக்கும் உதவி கிடைத்தது, ஆனாலும் ஒரு பாதியின் மூன்றாம் வகுப்பை மறு பாதியின் மூன்றாம் வகுப்போடு ஒப்பிட முடிந்தது. பானர்ஜி, டுஃப்ளோ, கோல், லிண்டன் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட முடிவின்படி இரண்டாம் ஆண்டில் சராசரி மதிப்பெண் 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) அளவுக்கு உயர்ந்தது, அந்த உயர்வு பெரும்பாலும் கடைநிலையில் இருந்த பிள்ளைகளிடம்தான் வந்தது. திட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அது 0.10 அளவுக்குத் தேய்ந்திருந்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பின்தேர்வை முடித்து இரண்டு மாதம் கழித்து இன்னொரு தேர்வு வைக்க முடிந்தால் வையுங்கள். அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

உங்கள் அளவில் இதையே சிறிதாகச் செய்யலாம்: முதல் ஆறு வாரம் ஒரு குழுவுக்கு, அடுத்த ஆறு வாரம் மற்றக் குழுவுக்கு. யாருக்கும் மறுப்பு இல்லை.

மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கும் திட்டத்தை மதிப்பிடுவது இதைவிடக் கடினம். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் இல்லாத அரசுப் பள்ளியை ஒப்பீட்டுக்குத் தேடினால் கிடைப்பது அரிது, முந்தைய ஆண்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடலாம் என்றால் அவர்கள் கொரோனாவால் பள்ளியைச் சரியாகப் பார்க்காதவர்கள். இந்த மாதிரித் திட்டத்தில் "பயன் தந்ததா" என்று கேட்பதைவிட "வகுப்பறையில் எப்படி நடக்கிறது" என்று கேட்பது எம்.எட். ஆய்வுக்குப் பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது: பண்புசார் ஆய்வு

எண் வராத ஆய்வு தரம் குறைந்தது என்ற எண்ணம் இங்கே இன்னும் இருக்கிறது. குழந்தை உளவியலாளர் பியாஜே பச்சிளம் பருவத்து அறிவு வளர்ச்சியைப் பற்றி எழுதியதன் பெரும்பகுதி தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் கூர்ந்து கவனித்து எழுதியது. மூன்றே பிள்ளைகள். ஆனால் அவர் கவனித்த நுணுக்கம் அப்படி.

வாசிக்கத் தடுமாறும் நான்கு பிள்ளைகளை எடுத்து, ஒரு மாதம் அவர்கள் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் "எல்லாரும் சேர்ந்து வாசிங்க" என்றால் அந்தப் பிள்ளையின் உதடு எப்போது அசைகிறது? பக்கத்துப் பிள்ளைக்கு அரை நொடி பின்னாலா? புத்தகத்தில் விரல் எந்த வரியில் இருக்கிறது? படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்லிவிடுகிறதா? எத்தனை முறை அதன் பெயரை ஆசிரியர் கூப்பிட்டார்? இதையெல்லாம் எந்த வினாநிரலும் பிடித்துத் தராது. உற்றுநோக்கல், நேர்காணல், பிள்ளையின் நோட்டுப் புத்தகங்கள் என்று மூன்று வழியிலும் ஒரே விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். குறிப்புகளை அன்றன்றைக்கே எழுத வேண்டும், மறுநாள் எழுதினால் பார்த்ததோடு நினைத்ததும் கலந்துவிடும். பார்த்ததை இடது பக்கமும், அதைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதை வலது பக்கமும் எழுதுங்கள்.

எத்தனை பேரை நேர்காணல் செய்வது? புதிதாகக் கேட்கும் ஆள் புதிதாக எதையும் சொல்லவில்லை என்ற நிலை வரும்வரை. முன்கூட்டியே எண் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று துறையில் கேட்டால் ஓர் உத்தேச எண்ணைச் சொல்லிவிட்டு, ஆய்வேட்டில் எங்கே, ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

அப்போது எப்படி இருந்தது: வரலாற்று ஆய்வு

இதைத் தொடுபவர்கள் குறைவு, ஆனால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொட்டிக் கிடக்கிறது. 1822 இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தச் சாதி என்றெல்லாம் கணக்கெடுத்து அனுப்பச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு உத்தரவு போட்டார். 1826 இல் மன்றோ எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்ற எண்கள் வருகின்றன. வீட்டிலேயே கற்றவர்கள் இதில் சேராததால் உண்மையான எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் என்றும் அவரே கருதினார்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துப் பெருமையாகவோ குறையாகவோ எழுதிவிடுவது ஆய்வு ஆகாது. ஆவணம் அசல்தானா, யார் எப்போது எழுதியது என்று பார்ப்பது புறத்திறனாய்வு. எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா, எதற்காக எழுதினார், எதை விட்டார் என்று பார்ப்பது அகத்திறனாய்வு. மேலே அசர் பற்றிச் சொன்ன அதே கேள்வி இருநூறு ஆண்டுக்கு முந்தைய கணக்குக்கும் பொருந்துகிறது பாருங்கள்: யாரை எண்ணினார்கள், யார் விடுபட்டார்கள்? இந்தக் காலத்து மூலங்களைத் தேட வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் சொந்த வகுப்பு: செயலாய்வு

கர்ட் லெவின் 1940களில் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார், 1953 இல் ஸ்டீபன் கோரே அதைப் பள்ளிக்கூடத்துக்குள் அழைத்து வந்தார். திட்டமிடு, செய், கவனி, யோசி, மறுபடி திட்டமிடு என்ற சுழற்சிதான் இதன் உயிர். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் அது சிறிய, பலவீனமான சோதனை ஆய்வாக மட்டுமே நிற்கும். முதல் சுற்றில் மின்னட்டை வைத்துப் பார்த்தீர்கள், சொல் வாசிக்க வந்தது, வாக்கியம் வரவில்லை. சரி, இரண்டாம் சுற்றில் இணையாக உட்கார வைத்து வாசிக்க வைக்கலாம் என்று மாற்றுகிறீர்களே, அந்த மாற்றமும் அதற்கான காரணமும்தான் செயலாய்வு அறிக்கையில் மற்ற ஆசிரியர்கள் படிக்க விரும்பும் பகுதி. இங்கே முடிவு உங்கள் வகுப்புக்கு மட்டுமே. மாவட்டம் முழுக்கப் பொருந்தும் என்று எழுத வேண்டாம், பெரிய புள்ளியியலும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரைகோடு போட்டுக் காட்டினாலே போதும்.

படி 3: முன்னாய்வுகளைப் படியுங்கள்

'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'எரிக்' தளத்தில் வெளிநாட்டுக் கட்டுரைகள் தேடலாம். படிக்கும்போது முடிவை மட்டும் குறித்துக்கொள்ளாமல் மாதிரி எவ்வளவு, எந்தக் கருவி, எந்த முறை என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணையில் எழுதுங்கள். இருபது ஆய்வு சேர்ந்ததும் எல்லாரும் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும்.

படி 4: மாதிரி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையைக் கிளறியிருந்தால்தான் அது உண்மை. அடியில் குழைந்து மேலே வேகாமல் இருந்தால் ஒரு சோறு எதையும் சொல்லாது. நகரத்தில் தெரிந்த தலைமையாசிரியர் இருக்கிற மூன்று பள்ளிகளில் முந்நூறு பேரை எடுத்துவிட்டு "மாவட்ட மாணவர்கள்" என்று எழுதினால் கிளறாத பானைதான்.

முதலில் உங்கள் முழுமைத்தொகுதி (யாரைப் பற்றி முடிவு சொல்லப் போகிறீர்களோ அந்த மொத்தக் கூட்டம்) எது என்று எழுதுங்கள். அதில் அரசு, உதவி பெறும், தனியார் என்று அடுக்குகள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கி எடுப்பது அடுக்குக் கூறெடுத்தல். பள்ளிகளைக் குலுக்கி எடுத்து, எடுத்த பள்ளியில் எல்லாரையும் சேர்ப்பது கொத்துக் கூறெடுத்தல். எண்ணிக்கைக்கு கிரெஜ்சி-மார்கன் 1970 இல் வெளியிட்ட அட்டவணையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்: 100 பேர் உள்ள தொகுதிக்கு 80, 500 பேருக்கு 217, 1000 பேருக்கு 278. இது எளிய குலுக்கல் முறைக்கான கணக்கு என்பதை மறக்க வேண்டாம். வசதிக்கு எடுத்த மாதிரியில் இந்த எண்ணைக் காட்டுவதால் ஒன்றும் சரியாகிவிடாது.

படி 5: கருவி

ஆங்கிலத்தில் கிடைத்த அளவுகோலை அவசரமாகத் தமிழாக்கி ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள். ஒருவர் தமிழாக்கட்டும், அசலைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். லிக்கர்ட் 1932 இல் கொண்டுவந்த ஐந்து நிலை அளவுகோல் பெரியவர்களுக்குச் சரி. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் "ஆம்" பக்கமே போவார்கள், டீச்சருக்குப் பிடித்த பதில் அதுதான் என்று நினைப்பார்கள். "எனக்கு வாசிக்கவும் எழுதவும் பிடிக்கும்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டைக் கேட்டால், வாசிக்கப் பிடித்து எழுதப் பிடிக்காத பிள்ளை எதில் டிக் போடும்?

வாசிப்பை அளக்க வேண்டுமென்றால் வாசிக்க வையுங்கள். தெரியாத பத்தி ஒன்று, ஒரு நிமிடம், சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கை, அதன் பிறகு மூன்று கேள்வி. "நீ நன்றாக வாசிப்பாயா?" என்ற வினாநிரலைவிட இது எவ்வளவோ மேல். உங்களையும் இன்னொருவரையும் ஒரே பிள்ளைக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லிப் பாருங்கள், இருவர் எண்ணும் ஒத்துவந்தால் அது நம்பகத்தன்மை. நீங்கள் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. இரண்டும் வேறு. ஆய்வுக்குள் வராத பள்ளி ஒன்றில் இருபது முப்பது பிள்ளைகளிடம் பைலட் ஸ்டடி செய்யாமல் எந்தக் கருவியையும் இறுதியாக்காதீர்கள்.

படி 6: பள்ளிக்குப் போவது

அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டே போங்கள். கல்லூரிக் கடிதம், கருவியின் நகல், எத்தனை பிள்ளை, எவ்வளவு நேரம் என்ற விவரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் அலைச்சல் குறையும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரிக்குப் பிறகு எல்லாரும் ஆண்டுத் தேர்வு அவசரத்தில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டும், அக்டோபர் பாதியிலிருந்து நவம்பரும்தான் நமக்கான நேரம்.

பிள்ளைகளின் பெயரைத் தாளில் எழுத வைக்காதீர்கள், எண் போதும். பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்ல பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அதன் மொழியில் சொல்லுங்கள். சாதி, அப்பாவின் வருமானம், குடிப்பழக்கம் போன்றவற்றை வகுப்பில் சத்தமாகக் கேட்டு நிரப்பச் சொல்வதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். உங்கள் கேள்விக்கு உண்மையிலேயே தேவை என்றால் பள்ளிப் பதிவேட்டிலிருந்து அனுமதியோடு எடுங்கள், தேவையில்லை என்றால் அந்தக் கட்டத்தையே நீக்கிவிடுங்கள்.

படி 7: கணக்கு

இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிட டி-சோதனை, மூன்றோ அதற்கு மேலோ என்றால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு, இரண்டு அளவுகளின் தொடர்புக்கு ஒட்டுறவுக் கெழு, ஆம்-இல்லை மாதிரி எண்ணிக்கைகளுக்குக் கை-வர்க்கம். இதற்கு மேல் முதல் ஆய்வுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு எண் தற்செயலாக வர வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் (0.05) கீழே இருந்தால் 'பொருளுடையது' என்பார்கள். அந்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு குழுவின் சராசரி 52, மற்றதன் சராசரி 48, திட்டவிலக்கம் இரண்டிலும் 10. குழுவுக்கு 30 பேர் என்றால் டி-மதிப்பு ஏறக்குறைய 1.55, வேறுபாடு பொருளுடையது அல்ல என்று வரும். அதே எண்கள், குழுவுக்கு 300 பேர் என்றால் டி-மதிப்பு 4.9, மிகவும் பொருளுடையது. வேறுபாடு இரண்டிலும் அதே 4 மதிப்பெண்தான். அதனால் சராசரி வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்து வரும் விளைவளவையும் (இங்கே 0.4) சேர்த்து எழுதுங்கள். ஒட்டுறவிலும் இதே கதை: 300 பேரில் 0.12 என்ற கெழுகூடப் பொருளுடையது என்று வந்துவிடும், ஆனால் அதை வர்க்கப்படுத்தினால் மொத்த வேறுபாட்டில் ஒன்றரை சதவீதம்கூட வராது.

'வேறுபாடு இல்லை' என்ற இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படவில்லை என்றால் ஆய்வு தோற்றுவிட்டது என்று பயந்து எண்களைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நன்றாகச் செய்த ஆய்வில் "வேறுபாடு தெரியவில்லை" என்ற பதிலும் பதில்தான், அதை அப்படியே எழுதினால் அடுத்து வருகிறவர் அதே இடத்தில் ஓராண்டைச் செலவிட மாட்டார்.

படி 8: எழுதுவது

முறை பற்றிய இயலை முதலில் எழுதுங்கள், தரவு சேகரிக்கும்போதே. முடிவுரையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த அட்டவணை ஆதாரம் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், ஆதாரம் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். "அரசு இதைச் செய்ய வேண்டும், ஆசிரியர்கள் அதைச் செய்ய வேண்டும்" என்ற பரிந்துரைப் பட்டியல்தான் அதிகம் அடிபடும்.

அப்புறம், ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுக்கும் அதே வாரத்தில், ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எந்த நிலையில் வாசிக்கிறார்கள், எந்த எழுத்துகளில், எந்தக் கூட்டெழுத்துகளில் தடுமாறுகிறார்கள், எது பலன் தந்தது. புள்ளியியல் வேண்டாம், பெயரும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் ஒரு பிரதி, வகுப்பாசிரியரிடம் ஒரு பிரதி.